பாம்பண்ணையின் பதினான்கு முட்டைகள்

வட லண்டன் எட்மண்டனில் எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் யாரையும் எதையும் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை. லிப்ட் கதவைக் கையால் மறித்துக்கொண்டு நிற்பார். 'ஏறுங்கோ' என்று சொல்ல மாட்டார். ஏறுகிறவர் ஏறலாம், யோசிக்கிறவர் யோசிக்கலாம், உள்ளே நிற்பவர்கள் பெருமூச்சு விடலாம். அவர் கதவைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைத்தெருவில் அவருக்குப் பாம்பண்ணை, பாம்பு அண்ணன், என்று பெயர். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் எட்டுப் பாம்புகளோடு இருந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கோர்ன் ஸ்னேக் என்கிற அமெரிக்கச் சோளப்பாம்பு. செம்மஞ்சள் உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். விஷம் கிடையாது. கோடை வந்தால் முட்டையிடும்; ஆகஸ்ட் முடிவதற்குள் வீட்டில் இருபது குட்டிகள்வரை சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மூடியில் துளையிட்ட ஒரு தனி பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்னத் தண்ணீர்த் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு கடதாசிச் சுருள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் விட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஒண்டை ஒண்டு விழுங்கிப்போடும் அண்ணை."

"எங்கட சங்கங்கள் மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது சரியா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "இதுகள் பசியில விழுங்குதுகள்" என்றார்.

நான் கவுன்சிலில், அதாவது நகரசபையில், வீட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதனால் கட்டடத்தில் யாருக்கு என்ன குறை என்றாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். மூன்றாம் மாடி அக்காவும் அப்படித்தான் வந்தார். "ஐயா, பாம்பு வளக்க இஞ்ச விடுவினமோ? சட்டத்தில என்ன கிடக்கு?" சட்டத்தில் ஒன்றும் கிடக்கவில்லை. விஷப்பாம்புக்குத்தான் தனி உரிமம் வேண்டும். இதற்கு வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சிலின் சம்மதம் போதும், அதை அவர் எழுத்தில் வாங்கி வைத்திருந்தார். நான் இதைச் சொன்னதும் அக்காவின் முகம் வாடிப்போயிற்று. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தலைக்குக் குளித்துவிட்டு ஒரு செம்பு பாலும் இரண்டு கோழிமுட்டையுமாக ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்ததை நான் என் கதவிடுக்கில் பார்த்தேன்.

"அக்கா, இது பால் குடியாது."

"குடிக்குதோ குடிக்கேல்லையோ, நான் வைக்கிறதை வைக்கிறன். நீங்கள் தடுக்காதேங்கோ தம்பி."

அவர் தடுக்கவில்லை. யாரையும் தடுக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. பாலை அவர் தேநீருக்கு எடுத்துக்கொண்டார். அந்தத் தேநீரில் எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. இப்படி வெள்ளிதோறும் அவர் வீட்டுக்குப் போகிற வழக்கம் எனக்கு ஏற்பட்டது. என் மனைவி இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள். மகன்கள் இருவரும் கனடாவில். வெள்ளிக்கிழமை என்று ஒன்று வாரத்தில் இருப்பது நல்லதுதான் என்று எனக்குப் பட்டது.

அவர் வீட்டு ஐஸ் பெட்டியில் ஒரு டப்பாவின் மேல் 'கறிக்கில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே கண் திறக்காத எலிக்குஞ்சுகள், வரிசையாக உறைந்து கிடந்தன. ஜெர்மனியில் இருபது வருடம் உணவகச் சமையலறையில் நின்ற மனிதர். பெயர் எழுதாமல் எதையும் குளிரில் வைக்க மாட்டார். எலிக்குஞ்சை வெந்நீர்க் கிண்ணத்தில் இளக்கி, துடைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்துக் குட்டியின் முன் நீட்டுவார். எடுத்தால் எடுக்கும். எடுக்காவிட்டால் டப்பாவில் வைத்து மூடி, இருட்டான அலுமாரிக்குள் தள்ளிவிட்டு வந்து உட்காருவார். எட்டிப் பார்க்க மாட்டார்.

ஒரு வருடம் ஒரு குட்டி மூன்று வாரமாக எதையும் தொடவில்லை. நூல் மாதிரி மெலிந்துவிட்டது. நான் வாசித்திருந்தேன், எனக்குப் பக்கத்தில் நடப்பதைப் பற்றி வாசிக்காமல் இருக்க என்னால் முடியாது. வாயை மெல்லத் திறந்து ஊட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அதைச் சொன்னேன்.

"ஊட்டலாம் அண்ணை. ஆனால் திணிச்சால் அது சாப்பிட்டதா இராது. நான் சாப்பிட வைச்சதாத்தான் இருக்கும்."

"செத்துப்போனால்?"

அவர் டப்பாவை மூடி அலுமாரிக்குள் தள்ளினார். இருபத்துநான்காம் நாள் அது சாப்பிட்டது. கதவைத் தட்டி எனக்குச் சொல்ல வந்தார். சொல்லிவிட்டு, அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். ஒரு வேலைநாளில் அவராக என் கதவைத் தட்டியது அன்றைக்குத்தான்.

முட்டைகள் பொரிக்கும்போதும் இதே சங்கதிதான். சோளப்பாம்பின் முட்டை கோழிமுட்டைபோல் உடையாது; ஓடு தோல் மாதிரி இருக்கும். குட்டி உள்ளிருந்து அதைக் கீறி மூக்கை மட்டும் வெளியே நீட்டும். அதன் பிறகு ஒரு நாளோ ஒன்றரை நாளோ அப்படியே கிடக்கும், வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருவை உறிஞ்சி முடியும்வரை. அவசரக்காரர்கள் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவிடுவார்களாம். அவர் கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருப்பார். கிடங்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு இருப்பார். "அது வாற நேரம் அதுக்குத் தெரியும்" என்பார். குளிர்காலத்தில் படுக்கையறையின் ஹீட்டரை நிறுத்தி அந்த அறையை அப்படியே பாம்புகளுக்குக் கொடுத்துவிடுவார். குளிர்ந்து கிடந்தால்தான் அவை வசந்தத்தில் இணையுமாம். அந்த மூன்று மாதமும் அவர் முன்னறைச் சோபாவில் படுப்பார். எனக்குத் தெரிந்து, தன் பாம்புகளின் இல்லறத்துக்காகப் படுக்கையை விட்டுக்கொடுத்த ஒரே யாழ்ப்பாணத்தார் அவர்தான்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்பதை அவர் ஒரே தடவையில் சொல்லவில்லை. வெள்ளிக்கு ஒரு வசனமாக வந்தது. ஜெர்மனியில், டோர்ட்முண்டில், மகள் பதினான்கு வயதில் பள்ளித் தோழியிடமிருந்து ஒரு குட்டிப் பாம்பு வாங்கி வந்திருக்கிறாள். தாய் பயந்திருக்கிறார், பிறகு பழகியிருக்கிறார், அதற்கடுத்த வருடம் நோய் வந்து இறந்துவிட்டார். லண்டனில் தம்பி கடை போட்டுவிட்டு ஆள் தேவை என்று கூப்பிட, இவர் கிளம்பினார். மகள் படிப்புக்காகச் சின்னம்மா வீட்டில் தங்கினாள். சின்னம்மா வீட்டில் பாம்புக்கு இடமில்லை. அதனால் பாம்பு இவரோடு கப்பலேறி வந்தது. தம்பியின் கடை இரண்டு வருடத்தில் மூடப்பட்டது. இவர் கிடங்கு வேலைக்குப் போனார். பாம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று.

மகளும் அவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. அவர் சொன்ன மாதிரி, "கதை நிண்டுபோச்சு." ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் முதல் குட்டி மூக்கை நீட்டியதும் அவர் ஒரு படம் எடுத்து அனுப்புவார். அவள் பதிலுக்கு ஒரு பெயர் அனுப்புவாள். அந்த வருடத்தின் முதல் குட்டிக்கு அந்தப் பெயர். 'பாப்ரிகா' என்று ஒரு வருடம், 'சிவப்பி' என்று ஒரு வருடம். ஆண்டுக்கு ஒரு படமும் ஒரு சொல்லும். கவுன்சிலில் இதைவிட அதிகமாகக் கடிதம் எழுதிக்கொண்டவர்களை உறவு முறிந்தவர்கள் என்று நான் பதிவு செய்திருக்கிறேன்.

கடைசி வருடம், ஜூன் மாதத்தில், அந்த முதல் பாம்பின் மகள் பதினான்கு முட்டையிட்டது. அவர் வழக்கத்துக்கு மாறாக உடனேயே மகளுக்குப் படம் அனுப்பினார். மறுநாள் அவளிடமிருந்து ஒரு முழு வசனமே வந்தது. 'பொரிக்கும்போது நான் வந்து பார்க்கலாமா?'

இதை எனக்குக் காட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை வாசித்தேன்.

"என்ன பதில் போட்டனீர்?"

"விருப்பமெண்டால் வா எண்டு போட்டனான்."

"அவ்வளவுதானோ?"

"வேற என்ன அண்ணை எழுதுறது?"

அவள் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு லீவு கேட்டிருக்கிறாளாம். அந்தச் சனிக்கிழமை அவர் இல்ஃபோர்ட்வரை போய் ஒரு புதுப் படுக்கைவிரிப்பு வாங்கி வந்தார். எட்மண்டனில் விரிப்பு விற்கிற கடைகள் நான்கு உண்டு.

ஜூலையில் அவருக்குப் பித்தப்பை நோவு வந்தது. ஆம்புலன்ஸ் வர முன் எனக்குச் சாவியையும் ஒரு தாளையும் தந்தார். முட்டைகள் மீன்கடையில் வாங்கிய ஒரு வெள்ளை நுரைப்பெட்டிக்குள், ஈரமண் மாதிரி ஒன்றில் பாதி புதைந்து இருந்தன. பதினொன்று தனித்தனியாக, மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. தாளில் நான்கு வரி. வெப்பம் இருபத்தெட்டில் நிற்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்றுப் பட விட வேண்டும். மகளின் தொலைபேசி எண், ஏதும் நடந்தால். கடைசி வரி: 'வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை.'

இந்தக் கடைசி வரியை எந்த யாழ்ப்பாணத்தான் நம்புவான்? விருந்துக்குக் கூப்பிடுகிறவர் 'ஒண்டும் கொண்டுவரத் தேவையில்லை' என்றால் கேக்கோடு போகிறோம். ஆஸ்பத்திரியில் கிடப்பவர் 'ஒருத்தரும் பாக்க வரத் தேவையில்லை' என்றால் குடும்பத்தோடு போய் நிற்கிறோம். வயதில் மூத்தவனுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதென்று அவர் பணிவாக எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல், எனக்கு முட்டை தெரியும், அதைப் பற்றி மட்டும் நான் வாசித்துப் பார்த்ததில்லை. லண்டனுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் விவசாய அலுவலகத்தில் கோழிவளர்ப்புப் பிரிவில் இருந்தவன் நான். அடைப்பெட்டியில் வைக்கும் முட்டைக்கு ஒரு பக்கம் பென்சிலால் புள்ளடி போடுவது எதற்கு? பிரட்டுவதற்கு. நாளுக்கு மூன்று தரம் பிரட்டாவிட்டால் குஞ்சு ஓட்டில் ஒட்டிச் செத்துப்போகும். புள்ளடி மேலே இருந்தால் அடுத்த தரம் கீழே. பாடப்புத்தகத்தில் உள்ளது.

ஆகவே பிரட்டினேன். காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஏழு. கோடு போட்ட தாளில் அட்டவணை கீறி ஒவ்வொரு தரமும் சரி அடையாளம் இட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த மூன்றையும் வெண்ணெய்க் கத்தியால் பிரிக்கப் பார்த்ததில் ஒன்று கிழிந்தது. மீதி இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, அட்டவணையின் அடியில் 'விதிவிலக்கு' என்று குறிப்பெழுதினேன்.

பதினொரு நாள் கழித்து அவர் வந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் பை. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நேரே பெட்டியடிக்குப் போனார். நான் அட்டவணையை நீட்டினேன்.

அவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒரு நேரமும் விடேல்லை என்ன?"

"ஒரு நேரமும் விடேல்லை."

"வடிவாச் செய்திருக்கிறியள்."

அதில் குத்தல் இல்லை. குத்தல் எனக்குத் தெரியும். கவுன்சிலில் பாதிச் சம்பளம் குத்தல் கேட்பதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்வார்கள். அவர் திரைச்சீலையை இழுத்து மூடினார். சின்ன டோர்ச்சை முட்டையின் பக்கவாட்டில் பிடித்தார். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் தெரியுமாம். முதல் முட்டை மஞ்சளாக, வெறுமையாகத் தெரிந்தது. இரண்டாவதும். பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்தபின் ஒவ்வொன்றையும் அது இருந்த குழியிலேயே, புள்ளடி மேலே வர, திரும்ப வைத்தார்.

"அண்ணை, பாம்பு முட்டை பிரட்டக் கூடாது. கோழி அடைகிடந்து காலால பிரட்டும். பாம்பு இட்டிட்டுப் போயிடும். முட்டை கிடந்த கிடையிலேயே கிடக்கும். குட்டி மேல் பக்கத்தில ஒட்டிப் பிடிச்சு வளரும். பிரட்டினால் அமிழ்ந்துபோயிடும். அது மாறக் கூடாதெண்டுதான் புள்ளடி."

"ஏன் ஐசே அதைத் தாளில எழுதேல்லை?"

"எழுதினனான். வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு."

அவர் கடைசியாக, ஒட்டிக்கிடந்த இரண்டிலும் டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தார். பிறகு பாம்புகளின் தண்ணீர்த் தட்டுகளைக் கழுவப் போனார். அந்த இரண்டில் மட்டும் மெல்லிய நரம்புகள் தெரிந்தன. நான் கை வைக்க முடியாமல் போன இரண்டு.

அன்றைக்கே மகளுக்கு எழுதிவிட்டார். 'முட்டை பழுதாகிவிட்டது. லீவை வீணாக்கத் தேவையில்லை.' யார் பழுதாக்கியது என்று எழுதவில்லை. அவள் 'சரி' என்று பதில் போட்டாள். அந்த வருடத்தின் சொல் அதுவாகப் போயிற்று.

நான் நான்கு நாள் பொறுத்தேன். பிறகு தாளிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். பிழை என்னுடையது, உங்கள் தந்தைக்கு இதில் பொறுப்பில்லை என்று, ஒரு முறைப்பாட்டுக்குப் பதில் சொல்கிற ஒழுங்கில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்புக் கேட்டது.

"ஒரு நாளைக்கு மூண்டு தரமோ அங்கிள்?"

"மூண்டு தரம்."

"அப்பா ஏசினவரோ?"

"இல்லைப் பிள்ளை. வடிவாச் செய்தனீங்கள் எண்டவர்."

சிரிப்பு நின்றது. "அவர் அப்பிடித்தான். நான் பதினாறு வயசு. ஸ்டேஷனில நிண்டு, உனக்கு விருப்பமெண்டால் நீயும் வரலாம் எண்டு சொன்னவர். நான் அவற்ற முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருக்கா வா எண்டு சொல்லியிருந்தால் அப்பிடியே ஏறியிருப்பன். என்னைக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு விருப்பமில்லை எண்டுதான் நினைச்சனான். பாம்பைக் கொண்டுபோனவர்."

"அது அவற்ற சுபாவம் பிள்ளை. ஒருத்தரையும் நெருக்க மாட்டார்."

"தெரியும் அங்கிள். பாம்புக்கு அது சரி. நான் பாம்பில்லைத்தானே."

லீவு இன்னும் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். "முட்டையைப் பாக்க வாறதெண்டு கேட்டது ஒரு சாட்டு. அவர் கூப்பிட்டால் வாறன். நீங்கள் கூப்பிட்டு இல்லை."

இதை அவரிடம் அப்படியே ஒப்புவித்தேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே ஒரு பாம்பின் பெட்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"அவளை நெருக்கக் கூடாதெண்டுதான் அண்ணை அப்பிடிச் சொன்னனான்."

"நெருக்கிறதும் கூப்பிடுறதும் ஒண்டே, ஐசே?"

"முட்டையை வெட்டித் திறக்கிறவையும் உதவி எண்டு நினைச்சுத்தான் திறக்கினம்."

பதினொரு முட்டைகளைப் பிரட்டியவன் இதற்கு மேல் என்ன வாதாட? அவர் அழைக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு போயிற்று. புது விரிப்பு மடிப்புக் குலையாமல் கதிரை முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்த இரண்டு முட்டைகளில் ஒன்றும் சுருங்கிக் குழி விழுந்தது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போனபோது அவர் கதிரையைப் பெட்டியடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி முட்டையில் ஒரு கீறல். கீறலில் ஒரு மூக்கு, நெல்மணியளவு. மூச்சு விடும்போது ஓட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழி வந்து வந்து போனது.

"படம் அனுப்பினனீரோ?"

அவர் தொலைபேசியை எடுத்தார். படம் எடுக்கவில்லை. எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"அப்பா?"

"ஒரு முட்டை தப்பியிருக்கு. மூக்கு வெளியில."

"ஓ."

"நாளைக்கோ ஞாயிறோ வெளியில வரும். நல்ல நிறம் போல கிடக்கு. தாயின்ர நிறம்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஈரப்பதன் கொஞ்சம் கூட்டி வைச்சிருக்கிறன்."

"நல்லது அப்பா."

டோர்ட்முண்டில் ஒரு டிராம் மணி அடித்துக்கொண்டு போவது எட்மண்டனில் கேட்டது.

"சரி, உனக்கு வேலை இருக்கும்" என்றார் அவர்.

"ஓம், இருக்கு."

அவர் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. நான் எத்தனையோ விசாரணைகளில் வாய் திறக்காமல் குறிப்பெடுத்திருக்கிறேன். சாட்சியின் வாயில் சொல் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. "வரச் சொல்லும் ஐசே!" என்று கத்திவிட்டேன்.

கத்தலுக்குக் குட்டி மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் பதறிப்போய் முட்டையைப் பார்த்தார். தொலைபேசியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வைத்துவிடவில்லை. நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம். காத்திருப்பதில் அவருக்கு இருந்த அனுபவம் எனக்கு இல்லை. மூக்கு மெல்லத் திரும்பவும் வெளியே வந்தது. அவர் அதைப் பார்த்தபடியே, முட்டையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வாவன் பிள்ளை."

"எப்ப?"

"நாளைக்கு வா. விடியவே வா."

"டிக்கெட் பாக்கிறன்" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் அவர் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் போனார். பொரிக்கிற நேரத்தில் அவர் பெட்டியை விட்டுப் போனது அந்த ஒரு தரம்தான். விமானம் மத்தியானத்துக்குத்தான், அவர் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, கதவடியில் நின்று, "அண்ணை, ஒண்டும்" என்று தொடங்கினார்.

"செய்யத் தேவையில்லை. போய்ட்டு வாரும்."

இருந்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பதினொன்று இருபதுக்குக் குட்டி வெளியே வந்தது. முதலில் தலை, பிறகு நின்று யோசித்து ஒரு விரலளவு, பிறகு மிச்சம் எல்லாம் ஒரே வழுக்கலில். பென்சில் அளவு தடிப்பு, ஈரம், தாயின் அதே செங்கல் நிறம். அது தலையைத் தூக்கி அறையைப் பார்த்தது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லுவதற்கு ஆள் விமான நிலையத்தில் நின்றார்.

இரண்டு மணிபோல அவர்கள் வந்தார்கள். அவரை மாதிரியே நீண்ட கழுத்தும் தரையைப் பார்க்கிற பார்வையுமாக ஒரு பெண். குட்டியைப் பார்த்து ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் குட்டியைப் பார்க்கவே இல்லை. நான் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தேன். சுவர் மெல்லியது, கட்டியவர்களின் சிக்கனத்தைப் பற்றி நானே ஒரு அறிக்கை எழுதியிருக்கிறேன். அன்று முழுக்க இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்பது ஆண்டுகளில் அந்த வீட்டிலிருந்து நான் கேட்டிராத அளவு பேச்சு. என்ன பேசினார்கள் என்று விளங்கவில்லை.

அவள் நான்கு நாள் இருந்தாள். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், திரும்பவும் வந்தாள். பிப்ரவரியில் அவர் என் வீட்டுக்கு வந்து, டோர்ட்முண்டில் அவளுடைய வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறதாம் என்றார். ஜெர்மன் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. பாம்புகளை ஒவ்வொன்றாக நல்ல இடம் பார்த்துக் கொடுத்தார். வாங்க வந்தவர்கள் மணிக்கணக்கில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒற்றைக் குட்டி ஐந்து தரம் ஒழுங்காகச் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து, அதை ஹரோவில் ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கொடுத்தார். மூன்றாம் மாடி அக்கா அழுதார். அழுதது அவருக்கா பாம்புகளுக்கா என்று தெரியவில்லை.

வீட்டை ஒப்படைக்கும் படிவத்தை நான்தான் நிரப்பினேன். நான்கு வார அறிவித்தல். கடைசி நாள் திங்கட்கிழமையாக இருக்க வேண்டும். நண்பகலுக்குள் சாவி வந்துசேர வேண்டும். வெளியேறும் காரணம் என்று ஒரு பெட்டி வரிசை உண்டு. மரணம், பராமரிப்பு இல்லம், வெளியேற்ற உத்தரவு, வேறு வீடு. கடைசிக்கு முந்தியது: குடும்பத்தாருடன் வாழச் செல்கிறார். என் வேலைக்காலம் முழுவதிலும் அந்தப் பெட்டியில் நான் அடையாளமிட்டது ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். இட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "அது சரிதானே அண்ணை?" என்று கேட்டார். சரிதான் என்றேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டோர்ட்முண்டுக்குப் புறப்பட்டுவிட்டார். விதிப்படி அவருக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.